பாண்டிருப்பில் எனக்கொரு பங்கு

1

"மாலம், இது உங்கள் கையெழுத்து இல்லையே" என்றார் வங்கி எழுத்தர்.

மாலம் என்றால் இங்கே வாத்தியார். வட நைஜீரியாவில், ஹவுசா மொழி பேசும் ஒரு சிறு நகரத்தின் அரசாங்கப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். எழுத்தரின் மகன் என் வகுப்பில்தான் இருக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் அவரும் நானும் எத்தனையோ தடவை தோளோடு தோள் நின்று தொழுதிருக்கிறோம். என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். நான் நான்தானா என்பதில்தான் அவருக்குச் சந்தேகம்.

அவர் முன்னாலேயே திரும்பவும் கையெழுத்திட்டேன். கணக்குத் திறந்தபோது நான் எழுதிக் கொடுத்த பழைய அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். உண்மைதான், இரண்டும் வேறு வேறு ஆட்களுடையவை போலத்தான் இருந்தன. அட்டையில் இருந்தது நிந்தவூரிலிருந்து புதிதாக வந்திறங்கியவன் நிறுத்தி நிதானமாக எழுதியது. இப்போது போடுவது ஆறு வருடமாகப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தித் திருத்திக் களைத்த கையின் கிறுக்கல்.

"சாய் கோபே" என்றார். நாளை பார்ப்போம் என்று அர்த்தம். வந்த புதிதில் இதைக் கேட்கும்போதெல்லாம், கோபமா என்று விசாரிக்கிறார்கள் என்று நினைத்து, "இல்லை, இல்லை" என்று தலையாட்டிச் சிரித்திருக்கிறேன். இப்போது அர்த்தம் தெரியும். சிரிப்புத்தான் வருவதில்லை.

சகாராவிலிருந்து வரும் புழுதிக் காற்றில் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்து, மனைவி ஜரீனாவிடம் சொன்னேன்.

"நீங்க நீங்கதான் எண்டு நம்பல்லையா?" என்று அவள் சிரித்தாள். "உங்கட பங்காளி சிவலிங்கம் அண்ணன் கேட்டா ஒரு ஆட்டையே அறுத்துக் கந்தூரி குடுப்பார்."

மறுநாள் புதிய அட்டையில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், விசயம் முடிந்தது. ஆனால் ஜரீனா சொன்னது மனதில் நின்றுவிட்டது. சந்தேகப்படுவது எனக்குப் பழகிய தொழில். சந்தேகிக்கப்படுவதுதான் புதிது. அதனால்தான் சிவலிங்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அவனுடைய அனுமதி இருக்கிறது. தன்னை நல்லவன் என்று மட்டும் எழுதக் கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனை.

2

எண்பதாம் ஆண்டு. நைஜீரிய வேலைக்கான கடிதம் கைக்கு வந்திருந்தது. கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் என் மூத்த சகோதரர், மஹ்ரூப் காக்கா, ஆணி, பெயின்ட், தகரம் விற்கும் கடை வைத்திருந்தார். பயணத்துக்கு முன் அங்கே போய் உட்கார்ந்திருந்தபோதுதான் சிவலிங்கம் உள்ளே வந்தான். பாண்டிருப்பைச் சேர்ந்தவன். கல்முனையில் ஒரே வகுப்பில் படித்தோம். படிப்பை இடையில் விட்டுவிட்டு மேற்குக் கரைப் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் வேலைக்குப் போனவன், அப்போதுதான் திரும்பியிருந்தான். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு தகடு. பச்சை நிறம்.

"ராசிக், அந்தச் சுத்தியல எடு. இதுக்கு அடி."

அடித்தேன். சுத்தியல் துள்ளித் திரும்பியது.

"இன்னும் பலமா அடி மச்சான். உன்ட மாமியார நெனச்சு அடி."

"சுத்தியல் விக்கிற சாமான்" என்றார் காக்கா. "வாங்குறயெண்டா அடிங்க. இல்லாட்டி வைங்க."

அது ஃபைபர். கண்ணாடி நாரைப் பாய்போல விரித்து, அதன்மேல் ரெசின் என்ற பிசினை ஊற்றி இறுக வைப்பது. நம் கரையில் அப்போது எல்லாம் மர வள்ளங்கள். வருடா வருடம் இடுக்குகளை அடைக்க வேண்டும், கீல் பூச வேண்டும். நல்ல மரமும் கிடைக்காமல் போய்க்கொண்டிருந்தது. ஃபைபர் வள்ளத்துக்கு இந்த வில்லங்கம் எதுவும் இல்லை. முதலில் வள்ளத்தின் வடிவத்தில் ஓர் அச்சுச் செய்ய வேண்டும். அந்த அச்சு இருந்தால், அதற்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வள்ளங்களை எடுக்கலாம்.

"திருக்கோவில்ல இருந்து கல்லாறு மட்டும் ஒருத்தனும் இத செய்யல்ல" என்றான் சிவலிங்கம். "மொதல்ல செய்யப்போறவன் நான். எனக்குத் தொழில் தெரியும். சல்லிதான் இல்ல. நீ வெளிநாடு போறாய். உனக்குச் சல்லி வரும். தொழில் இல்ல."

அவன் கதை எப்போதும் இப்படித்தான். கேட்கிறவன் மாதிரி இருக்காது. கொடுக்க வந்தவன் மாதிரி இருக்கும்.

வட்டிக்குக் கொடுப்பதில்லை என்றேன். லாபத்திலும் பாதி, நட்டத்திலும் பாதி. தொடங்குவதற்கு ஒரு தொகை, முதல் வள்ளம் விற்ற பிறகு அதேயளவு இன்னொரு தொகை. அவன் சம்மதித்தான். அவன் போன பிறகு காக்கா சொன்னார்:

"வட்டிக்குக் குடுத்தா ஹராம். பங்குக்குக் குடுத்தாப் பைத்தியம். கடன் குடுத்தவனுக்குக் காணி உறுதியாவது கையில இரிக்கும். பங்குக்காரனுக்கு என்ன இரிக்கி? அவன்ட மூஞ்சிதான் இரிக்கி."

அந்த வார்த்தை எனக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் சிவலிங்கத்திடம், கிழமைக்கு ஒரு தடவை காக்கா வந்து பட்டறையைப் பார்ப்பார் என்று சொன்னேன். அவன் முகம் கறுத்தது.

"அப்ப நீ எனக்குச் சல்லி தரல்ல மச்சான். காவல்காரன் தாறாய்."

"ரெண்டும் தாறன்."

"சரி. காவல்காரனுக்கு ஆர் சம்பளம்? பட்டறையா?" என்று கேட்டுவிட்டு, கை கொடுக்காமலே போனான்.

3

இங்கே வந்த பிறகு, விடுமுறையில் போய்த் திரும்பும் ஆசிரியர்கள் மூலமாகக் காக்கா ஒலிநாடாக் கெசட்டில் பேசி அனுப்புவார். பின்னால் சந்தை இரைச்சலும் பஸ் ஹோர்னும் கேட்கும். மருதாணிச் செடிப் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் ஜரீனாவும் கேட்போம். ஜரீனா இரைச்சலைக் கேட்டு அழுவாள். நான் காக்காவின் விசாரணையைக் கேட்டு வேர்ப்பேன்.

"தம்பி, பட்டறைக்குப் போர்டு போட்டிரிக்கான். அவன்ட பேர் மட்டுந்தான் இரிக்கி. உன்ட பேர் ஒரு மூலையிலயும் இல்ல."

"தம்பி, நேத்துப் போனன். கதவு பூட்டு. பக்கத்து வீட்டுப் பொண்டு சொல்றா, ஆள் கல்லாத்துப் பக்கம் போயிட்டாராம். என்ன வேல அங்க?"

"தம்பி, ரெசின் பரல் ஒண்டு பாதியாக் கிடக்கு. வள்ளத்தில ஊத்தினதெண்டு சொல்றான். ஊத்தினத நான் எப்பிடிப் பாக்கிற? காஞ்சு போச்சே."

ஒவ்வொரு கெசட்டுக்குப் பிறகும் சிவலிங்கத்துக்கு நீளமாக எழுதுவேன். கேள்விகளுக்கு இலக்கம் போட்டிருப்பேன். கணித வாத்தியார் அல்லவா. அவனிடமிருந்து ஒரு தபாலட்டை வரும். "வேலை நடக்கிறது. சுகம். குழந்தைக்கு என் அன்பு." அவ்வளவுதான். அந்தச் சுருக்கமே எனக்குப் பெரிய ஆதாரமாகப் பட்டது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாதவன் இன்னும் இரண்டு வரி எழுதமாட்டானா?

முதல் வள்ளம் வெடித்துவிட்டது என்பதே ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மழைக்கால ஈரத்தில் ரெசின் சரியாக இறுகவில்லையாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டு எழுதினேன். "சொல்லியிருந்தால் வெடிப்பு ஒட்டியிருக்குமா?" என்று பதில் வந்தது.

வீட்டில் இந்த வள்ளம் ஓர் ஆள் போலவே இருந்தது. எங்கள் மகள் பஸ்னா இரண்டு வயதில் இங்கே வந்தவள். கடல் அவளுக்கு நினைவில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி ஹவுசாதான் அவளுக்கு நாக்கில் ஓடும். வள்ளம் என்ற சொல்லை எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தும் பிடிபடவில்லை. "வாப்பா, நம்மட ஜிர்கி எப்ப வரும்?" என்று கேட்பாள். ஜிர்கி என்றால் வள்ளமும்தான், ஆகாய விமானமும்தான். அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இரண்டும் வருகிற பாடாக இல்லை.

4

பிறகு ஒரு நாள், திருத்தி எடுத்த முதல் வள்ளம் விலைப்பட்டுவிட்டதாகச் சிவலிங்கம் எழுதினான். அது உண்மைதான் என்று காக்காவும் மனமில்லாமல் ஒப்புக்கொண்டார். பேசியபடி இரண்டாவது தொகையை நான் அனுப்ப வேண்டும். இங்கேதான் கதை திரும்பியது.

இந்த நாட்டில் எண்ணெய் விலை விழுந்தது. சம்பளம் தாமதமாகத் தொடங்கியது. சம்பளத்தில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்பலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும், அதற்கு வெளிநாட்டுப் பணம் வங்கியில் இருக்க வேண்டுமே. கவுண்டருக்குப் போனால் "பாபு" என்பார்கள். என்னை மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பாபு என்றால் ஹவுசாவில் இல்லை என்று அர்த்தம். மாதா மாதம் போவேன். பாபு. விண்ணப்பம் தலைநகருக்குப் போயிருக்கிறது என்பார்கள். அடுத்த மாதம், விண்ணப்பத்தையும் பாபு என்பார்கள்.

சிவலிங்கத்துக்கு எழுதினேன். வங்கி தரவில்லை, கொஞ்சம் பொறு என்று. எழுதும்போதே எனக்கே அது கள்ளனின் கதை மாதிரி இருந்தது. அவன் பதில் போடவில்லை. கெசட்டில் காக்காதான் சொன்னார், ஒரு உற்சாகத்தோடு:

"தம்பி, போட்காரன் கடைக்கு வந்தான். ஆக்கள் நிக்கக்குள்ளயே சத்தம் போடுறான். 'உங்கட தம்பி வாக்கு மாறிட்டார். அச்சு செஞ்சாச்சு, ஒரு வள்ளம் ஓடுது, இனி அவனுக்கு என்ன எண்டு நெனைக்கிறார்' எண்டு. நான் சொன்னன், எங்கட குடும்பத்தில வாக்கு மாறுற ஆள் இல்ல எண்டு. அவன் சிரிக்கான் தம்பி. சிரிக்கான்."

அதைவிட என்னைச் சுட்டது இன்னொன்று. சம்மாந்துறையைச் சேர்ந்த ஒரு ஆசிரியர் இங்கே என்னோடு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். சிவலிங்கம் பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போய், நைஜீரியாவில் வங்கிகள் காசு அனுப்புவதில்லை என்பது உண்மையா, ராசிக் என்பவர் எப்படிப்பட்ட ஆள், அங்கே வீடு கார் என்று வசதியாக இருக்கிறாரா என்றெல்லாம் கேட்டிருக்கிறான்.

"என்னை விசாரிக்கிறான்!" என்று ஜரீனாவிடம் கத்தினேன். "ஒரு வருசமாச் சீனியில்லாம தேத்தண்ணி குடிக்கிறன். என்னை விசாரிக்கிறான்!"

"நீங்க அவர விசாரிக்கல்லையா?"

"அது வேற."

"ஓம், வேறதான்" என்றாள். "நீங்க காக்காவ அனுப்பினீங்க. அவர் பஸ்ஸுக்குச் சல்லி குடுத்துத் தானே போயிரிக்கார்."

5

எண்பத்தைந்தில் நம் பக்கத்தில் என்ன நடந்தது என்பது வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். நான் விளக்கத் தேவையில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் வானொலியில் வந்த ஒரு வாக்கியம். கடற்கரை வீதியில் தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், மறுபடி தமிழ் ஊர் என்று தோரணம் கட்டியதுபோல் இருக்கும் இடம் அது. ஒரு ஊரின் சேவல் கூவினால் அடுத்த ஊரில் எழும்புவார்கள். அந்த ஊர்கள் ஒன்றையொன்று பார்த்துப் பயந்து வீதியை மறித்துக்கொண்டிருக்கின்றன என்று இங்கே ஒரு புழுதி நகரத்தில் உட்கார்ந்து கேட்டேன். மாதக் கணக்கில் தபால் இல்லை. இங்குள்ள சக ஆசிரியர்கள், "உங்கள் நாட்டில் என்ன சண்டை?" என்று கேட்டார்கள். என்ன சொல்வது? என் பங்காளி ஒரு பக்கம், என் காக்கா ஒரு பக்கம் என்றா?

காக்காவின் அடுத்த கெசட்டில் சந்தை இரைச்சல் இல்லை. வீட்டிலிருந்து பேசியிருந்தார். கடை பூட்டியே கிடந்ததாம்.

"பட்டறை எரிஞ்சு போச்சு தம்பி. கூரை, பரல், சாமான் எல்லாம். ஆனா ஒரு கதை இரிக்கி. கேளு."

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். பிரச்சினை உச்சத்தில் இருந்த நாட்களில் நிந்தவூர்க் கடற்கரையில் ஆண்கள் பொல்லுத் தடிகளோடு காவல் நின்றார்கள். காக்காவும் நின்றார். ஒரு காலையில் வடக்கிலிருந்து ஒரு வள்ளம் வந்தது. பின்னால் இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. அலை உடையும் இடத்துக்கு அப்பால் நின்றது. கரையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். வள்ளத்தில் இரண்டு பேர். ஒருவன் எழுந்து நின்று சட்டையைக் கழற்றினான். இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். கையில் ஒன்றுமில்லை என்று காட்டினான்.

"மஹ்ரூப் காக்கா! மஹ்ரூப் காக்கா நிக்காரா?"

காக்கா கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். "பயம் எண்டு நெனச்சிராத தம்பி. எச்சரிக்கை" என்கிறார் கெசட்டில்.

"ராசிக்ட பங்கு இது! அச்சு! எறக்கிட்டுப் போறன்!"

பின்னால் இழுத்து வந்த அச்சை அவிழ்த்து அலையில் விட்டான். அலை அதைத் தூக்கிக் கொண்டுவந்து கரையில் குப்புறக் கவிழ்த்தது. கூட்டம் சிதறி ஓடியது. உள்ளே வெடி வைத்திருக்கிறான் என்று யாரோ கத்தினார்களாம். வள்ளம் திரும்பி வடக்கே போய்விட்டது. பகல் முழுக்க ஒருவரும் அதற்குக் கிட்டப் போகவில்லை. அசர் தொழுகைக்குப் பிறகு காக்கா ஒரு நீளத் தடியால் குத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. நாலு பேரைப் பிடித்துத் தூக்கிவந்து தன் வீட்டு வளவில் போட்டார்.

"நான் முழுக்கத் தட்டிப் பாத்துட்டன் தம்பி. உள்ளுக்க ஒண்டுமில்ல. ஆனா, அவன் என்னத்துக்குக் கொண்டுவந்து போட்ட? இவ்வளவு நாளும் ஒரு விரல் நீளச் சாமானக் காட்டாதவன். இதில என்னமோ இரிக்கி."

நானும் அதைத்தான் யோசித்தேன். வெட்கப்பட்டு மறைக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். எரிவதற்கு முன்பே எப்படி எடுத்தான்? எரியும் என்று தெரியுமா? பங்கை முறித்துக்கொண்டு போவதற்கு இது ஒரு வழியா? அச்சை என் தலையில் கட்டிவிட்டு, அவன் வேறெங்காவது புதிய அச்சோடு தொழில் செய்கிறானா? ஜரீனா தூங்கிய பஸ்னாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்போது, "அல்லாஹ்வுக்காக, ஒரு மனிசன் ஒரு சாமானக் கொண்டுவந்து தந்தான் எண்டு மட்டும் நெனைக்க உங்களுக்கு ஏலாதா?" என்றாள்.

6

போன வருடம் ஆகஸ்ட் விடுமுறையில் ஊருக்குப் போனேன். காக்காவைக் கண்டதும் பஸ்னா ஹவுசா வழக்கப்படி முழங்காலை மடித்துக் குந்தி, "இனா குவானா" என்று காலை வணக்கம் சொன்னாள்.

"இந்தப் புள்ளைக்கு வயித்து வலியா?" என்று காக்கா பதறினார்.

அச்சு வளவின் மூலையில் கவிழ்ந்து கிடந்தது. அதன் கீழ் கோழிகள் முட்டையிட்டிருந்தன. ஒரு கீறல்கூட இல்லை. நான் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அன்றே பாண்டிருப்புக்குப் பஸ் ஏறினேன். காக்கா வேண்டாம் என்றார். வழியில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள்.

சிவலிங்கம் கோயில் வீதிக்குப் பின்னால் ஒரு ஓலைக் கொட்டிலில் இருந்தான். பழைய வள்ளத்தில் மீனுக்குப் போய்த்தான் சீவியம். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. வலையில் கையை வைத்துக்கொண்டே, "கணக்குப் பாக்க வந்தயா?" என்றான்.

"ஏன் அச்சக் கொண்டுவந்து போட்ட?"

"பக்கத்துக் கொட்டில் எரிஞ்சது. அடுத்தது எண்டது என்ட பட்டறைதான் எண்டு தெரிஞ்சுது. எரிக்கிறவனுக்கு இது ஆர்ட பங்கு எண்டு தெரியப்போகுதா? தூக்க ஏலுமானது அதுமட்டுந்தான். கடல்ல போட்டன்."

"இங்க வேற எங்கயாவது வச்சிரிக்கலாமே."

"வச்சிரிக்கலாம்." இப்போதுதான் தலையைத் தூக்கினான். "வச்சுட்டு, பட்டறை எரிஞ்சு போச்சு, அச்சு மட்டும் தப்பிச்சிட்டு எண்டு எழுதினா நீ நம்பியிருப்பியா? இல்லாட்டி எல்லாம் எரிஞ்சு போச்சு எண்டு எழுதினா நம்பியிருப்பியா?"

நான் அவனுக்கு எதிரே மணலில் உட்கார்ந்தேன்.

"மாட்டாய். இத்தனை வருசத்தில எனக்கு உன்னில இருந்த ஒரே நம்பிக்கை அதுதான் மச்சான். உன்ட சந்தேகத்தில எனக்குப் பூரண நம்பிக்கை. அதான், உயிரக் கையில புடிச்சுக்கொண்டு, உன்ட காக்காட மூஞ்சிக்கு நேரா கொண்டுவந்து போட்டன். என்னைக் கள்ளன் எண்டு கல்முனை முழுக்கச் சொல்லித் திரிஞ்ச மனிசன். பாக்கட்டும்."

அவனுடைய மனைவி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். சீனி தனியாக, ஒரு கரண்டியில். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் குடித்தோம். நான் அனுப்ப முடியாமல் போன தொகையைப் பற்றித் தொடங்கினேன். வங்கி, விண்ணப்பம், தலைநகரம்.

"பாபு" என்றான் அவன்.

திடுக்கிட்டேன்.

"சம்மாந்துறை மாஸ்டர்தான் சொல்லித் தந்த. அவர் சொல்லக்குள்ள சிரிச்சுட்டன். மறுகா பஸ்ஸில வரக்குள்ள யோசிச்சன், இப்பிடி ஒரு பொய்ய உன்னால உண்டாக்க ஏலாது எண்டு. உனக்கு அவ்வளவு கற்பனை இல்ல."

இந்த முறை கையில் கொண்டுவந்த கொஞ்சத்தைக் கொடுத்தேன். பேசியதில் பாதிகூட இல்லை. அவன் எண்ணவில்லை. அச்சைத் திருப்பி அனுப்புகிறேன், புதிதாகத் தொடங்கு என்றேன்.

"அங்கயே கிடக்கட்டும். இங்க வந்தா இன்னொருக்கா எரியும். நான் அங்க வாறன்."

"நிந்தவூருக்கா? நீயா?"

"ஏன், உன்ட ஊர்ல என்னை அடிச்சுப்போடுவாங்க எண்டு பயமா? இல்லாட்டி, ஒண்டும் செய்யாம விட்டுருவாங்க எண்டு பயமா?"

7

இதை எழுதும்போது காக்காவின் வளவில் மூன்றாவது வள்ளம் அச்சில் இருப்பதாக அறிகிறேன். நான் சொல்லப்போவது அந்த வளவில் செய்த முதலாவதைப் பற்றி. விடுமுறை முடிவதற்குள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

சிவலிங்கம் காலையில் பஸ்ஸில் வருவான், வெயில் சாயமுன் போய்விடுவான். காக்கா ஒரு கதிரையைப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். கடைக்குப் பொறுப்பாக மருமகனை விட்டுவிட்டு முழுநாளும் உட்கார்ந்தார். அவன் ரெசின் எடுக்கும்போது எழுந்துபோய்ப் பரலுக்குள் குச்சி விட்டுப் பார்ப்பார். மூன்றாம் நாள் சிவலிங்கம் வாளியை அவர் முன்னால் வைத்தான்.

"இந்தாங்க காக்கா. நீங்களே கலக்குங்க. அப்ப சந்தேகம் வராது."

இறுகுவதற்கான மருந்தைச் சில துளி மட்டும் விட வேண்டும். காக்கா தாராள மனதோடு விட்டார். கொஞ்ச நேரத்தில் வாளி சூடேறிப் புகைந்தது. உள்ளே இருந்ததெல்லாம் ஒரே கல்லாகிவிட்டது. நாற்றம் அடுத்த தெரு வரைக்கும் போயிற்று. காக்கா வாளியையும் சிவலிங்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சிவலிங்கம் வாளியைக் கவிழ்த்து அந்தக் கல்லைத் தட்டி எடுத்து, என் பக்கம் திரும்பி, "நட்டத்திலயும் பாதி" என்றான். அன்று மத்தியானம் காக்கா அவனுக்குத் தன் வீட்டிலிருந்து சோறு போட்டார். அடுத்த நாளும் கதிரை அதே இடத்தில்தான் இருந்தது.

வள்ளம் முடிந்தது. ஊரில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு முதலாளி வந்து பார்த்தார். "பிளாஸ்டிக் மாதிரி இரிக்கி. முதல்ல அலையத் தாண்டிக் காட்டட்டும். மறுகா கதைப்பம்" என்றார்.

காலையில் கடற்கரையில் நல்ல சனம். பெண்கள்கூட தென்னைகளுக்குப் பின்னால் நின்றார்கள். சிவலிங்கம் தன் மச்சினனோடு வந்திருந்தான். இஞ்சினைப் பூட்டி வள்ளத்தைத் தண்ணீருக்கு இழுத்தபோது, கடையிலிருந்து ஒரு பெரிய நைலோன் கயிற்றுச் சுருளோடு காக்கா வந்தார். வந்தவர் நேரே போய் அதன் ஒரு நுனியை வள்ளத்தின் பின்பக்க வளையத்தில் கட்டத் தொடங்கினார்.

"என்ன காக்கா இது?"

"கயிறு."

"தெரியுது. என்னத்துக்கு?"

"உன்ட ஊர் வடக்கால இரிக்கி" என்றார் காக்கா, முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல். "வள்ளம் அலையத் தாண்டி நேரா வடக்கால போனா நான் என்ன செய்ற?"

எனக்கு மணலுக்குள் போய்விடலாம் போல இருந்தது. சிவலிங்கம் காக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று நான் கிட்டப் போனேன்.

"முடிச்சு லூசா இரிக்கி காக்கா" என்றான். "இறுக்கிக் கட்டுங்க."

இஞ்சின் பிடித்தது. வள்ளம் முதல் அலையில் ஏறி இறங்கியது. காக்கா கரையில் நின்று கயிற்றை விட்டுக்கொண்டிருந்தார். சுருள் வேகமாகக் குறைந்தது. அவர் தண்ணீருக்குள் நடந்தார். சாரன் நனைந்தது. இடுப்பளவு. நெஞ்சளவு. வள்ளம் பெரிய அலைக்கு முன்னால் போய்விட்டது; கயிற்றின் கடைசி நுனி காக்காவின் கையில். அலை எழும்பிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் பின்னால் இழுவை இருந்தால் வள்ளம் குறுக்கே திரும்பிக் கவிழும். கடல் தெரிந்த எல்லோருக்கும் அது தெரியும். சிவலிங்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். விடு என்று அவன் சொல்லவில்லை. கையைக்கூட அசைக்கவில்லை.

காக்கா கையை விரித்தார்.

வள்ளம் அலையின் மேல் செங்குத்தாக ஏறி, அந்தப் பக்கம் விழுந்து மறைந்தது. பிறகு தூரத்தில் தெரிந்தது. பிறகு தெரியவில்லை. முதலாளி மணலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். சனம் கதைக்கத் தொடங்கியது. காக்கா மட்டும் தண்ணீரை விட்டு வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன். அலை நெஞ்சில் அடிக்க, கடலைப் பார்த்துக்கொண்டே, "நில்லு" என்றார்.

தெற்குப் பக்கமிருந்து அது திரும்பி வந்தபோது பிள்ளைகள் கூவினார்கள். வள்ளம் அலையில் வழுக்கி வந்து மணலில் ஏறியது. முதலாளி பீடியை எறிந்துவிட்டு எழுந்து போய் அதன் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். விலை பேசுகிற குரல் அவருக்கு வந்துவிட்டது. சிவலிங்கம் நனைந்த தலையோடு குதித்து இறங்கினான். எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஈரச் சாரனோடு சனத்தை விலக்கிக்கொண்டு காக்கா முன்னால் வந்தார்.

"கயிறெங்க?"

சிவலிங்கம் வள்ளத்துக்குள் கையை விட்டுச் சுருட்டி வைத்திருந்த கயிற்றை எடுத்து அவரிடம் கொடுத்தான். காக்கா அந்த இடத்திலேயே நின்று அதை நுனி முதல் நுனி வரை முழம் போட்டு அளந்தார். அளந்து முடியும் வரை சிவலிங்கம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"ஓம்" என்றார் காக்கா. "சரியா இரிக்கி."